திரையில் விளக்கம் படித்தால் காப்பியடித்ததாம்

இன்று காந்திபுரத்தில், எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் யூனிக்ஸ் பரீட்சை.

பக்கத்து மெஷினில் பல்லடத்துச் செல்வி. இதில் பாஸானால்தான் சென்டர் அவளைத் திங்கட்கிழமை ஒரு மில் ஆபீஸ் வேலைக்கு அனுப்பும்.

அவளுக்கு ஒரு கமாண்ட் பாதியில் மறந்துபோனது. யூனிக்ஸுக்குள்ளேயே இருக்கும் கையேட்டைக் கூப்பிடும் 'மேன்' என்ற கமாண்டை அடித்து அதன் விளக்கத்தைத் திறந்தாள். தலைப்புகள் பளிச்சென்று, பத்தி பிரித்து, அச்சடித்த புத்தகம் போலத் திரையில் வந்து நின்றது. பின்னால், எங்களுக்குப் பாடம் எடுக்கும் மாஸ்டரும் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, பரிச்சைல புக்கு பாக்கறீங்களா?"

"புக்கு இல்லீங்க சார். மெஷினுக்குள்ளயே இருக்கறதுங்க."

"நான் குடுத்த நோட்ஸ் பத்தாதுங்களா? அப்பா என்ன பண்றாருங்க?"

"தறி ஓட்டறாருங்க."

"அதானே. இந்த இங்கிலீசெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க கண்ணு."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மார்க் மட்டும் பூஜ்யம்.

பிறகு அந்தப் பக்கத்தை மூடப் பார்த்தார். எண்டர் தட்டினால் அடுத்த வரி வந்தது. எஸ்கேப் தட்டினால் பீப் என்று கத்தியது.

"சார், க்யூ எழுத்தை அடிச்சா மூடிக்குமுங்க" என்றேன்.

"உங்க பரிச்சைய நீங்க எழுதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மெஷின் சுவிட்சையே அணைத்தார்.

செல்வி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை மில்லுக்குப் போவது, நோட்ஸை வரி விடாமல் மனப்பாடம் செய்த ஒருவன். அங்கே ஏதாவது மறந்தால் மாஸ்டருக்குப் போன் போடுவான் போலிருக்கிறது.

உங்கள் சென்டரில் எதையெல்லாம் படித்தால் குற்றம்? எழுதுங்கள், நானும் ஜாக்கிரதையாக இருந்துகொள்கிறேன்.