கண் திறந்த டைனோசர்

கொள்ளேகாலத்து மாதப்பன் மேஸ்திரி போய்விட்டார் என்று குண்டலுபேட்டை பஸ் கண்டக்டர்தான் வண்டியை நிறுத்திச் சொன்னார். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரோடு சாலையோரப் பூங்காவில் வேலை செய்த உங்களுக்குக் காரணம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பூங்காவுக்கு நான் ஓவர்சியர். பிள்ளைகள் ஏறி விளையாட மூன்று டைனோசர்கள் வேண்டும் என்று இஞ்சினியர் ஒரு படத்தைக் கொடுத்தார். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களையே செய்துவந்த மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லிதானுங்க. நல்லாச் சாப்பிட்டு வளந்த பல்லி" என்றார். செங்கல்லும் சுண்ணாம்புமாக முதல் மிருகம் எழும்பியது. அடடா, அந்த வால்! வழியில் போன மாட்டுவண்டிகளெல்லாம் நின்றுவிட்டன.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. கோபுரத்துப் பழக்கத்தில் கடைசி நாள் குளித்து, தேங்காய் உடைத்து, கண்ணாடி காட்டி, தூரிகையால் அதற்குக் கண் திறந்துவிட்டார். புத்திகெட்ட நானும் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டினேன். மறுநாள் டைனோசரின் காலில் மஞ்சள். வாரத்துக்குள் கழுத்தில் மாலை, எதிரே பொங்கல் பானை! ஒரு பிள்ளைகூட ஏறவில்லை. தெய்வத்தின் மேல் கால் படலாமா?

இஞ்சினியர் வந்து பார்த்துக் கத்தினார். இங்கே கோயில் கட்ட உத்தரவில்லை, பிள்ளைகள் ஏறாவிட்டால் இன்றே இடித்துவிடு, மற்ற இரண்டும் வேண்டாம் என்றார். மேஸ்திரிக்கு முகம் செத்துவிட்டது. கண் திறந்ததை இடிப்பதும் பாவம், மிதிப்பதும் பாவம். நான் கெஞ்சினேன், எடுபடவில்லை.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். டைனோசரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"கண்ணத் தெறந்தவன் நானுங்க. கோவிச்சா எம்மேலயே கோவிச்சுக்கட்டும்."

விறுவிறுவென்று முதுகில் ஏறி, வால் வழியே சர்ரென்று சறுக்கி மண்ணில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் ஓடி வந்து பார்த்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேட்டிதான் கிழிந்திருந்தது. அவ்வளவுதான், பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள்! பின்னாலேயே ஏறிய பெரியவர்களைக்கூட இறக்க முடியவில்லை. இஞ்சினியரே தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மற்ற இரண்டும் எழும்பின.

நான் மட்டும் ஏறியதே இல்லை. கற்பூரம் காட்டியவனாயிற்றே, பயம். "ஓவர்சியரய்யா எப்பங்க ஏறப்போறீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரி கேலி செய்வார். மழை வரட்டும், வெயில் போகட்டும் என்று ஏதாவது சொல்லி மழுப்புவேன்.

நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டு நேராகப் பூங்காவுக்குப் போனேன். பிள்ளைகளை ஒதுங்கச் சொன்னேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். இந்த ஐம்பத்தைந்து வயதில் ஏறி, சர்ரென்று வந்து விழுந்தேன்.

மேஸ்திரி, என் கால்சட்டையும் கிழிந்துவிட்டது. அதைத் தைக்கப் போவதில்லை.