வீரமணி போட்ட வாழ்த்து

ஜோதிலட்சுமி என்ன வேலை செய்கிறாள் என்பது கடலோர ஊரான நல்லவாட்டில் பலருக்கு இன்றுவரை விளங்கவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், விரல் சரியாக வராதவர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி அந்த வெப்சைட்டுகளைத் திருத்துவது அவள் பொறுப்பு.

“கண்ணு தெரியாதவன் கம்ப்யூட்டர்ல இன்னாடி பாக்கறான்?” என்று மீன் கூடையோடு பஸ் ஏறும் அத்தைகள் கேட்பார்கள்.

“பாக்கல அத்த, கேக்கறாங்க” என்பாள். போன் எழுத்தைப் படித்துச் சொல்லிவிடும். படத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் படத்துக்குப் பின்னால், நம் கண்ணில் படாமல், இது இன்ன படம் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அத்தைகள் தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடிப்பார்கள்.

கடலுக்கு மீன் பிடிக்கப் போகும் அவள் அப்பா சம்மந்தத்துக்கு மட்டும் இது புரிந்திருந்தது. புரிய வைத்தவர் வீரமணி. மடுகரையில் கரும்பு போடும் குடும்பம். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஜோதி திருத்திய பக்கங்களைக் காதால் கேட்டுக் குற்றம் கண்டுபிடிப்பது அந்த ஆபீசில் அவர் வேலை. ஒருமுறை ஜோதி வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அப்பாவும் அவரும் கரும்பையும் கடலையும் மாற்றி மாற்றிப் பேசி, சாயங்காலம் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள். பிறகு அவர் வேறு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யப் போய்விட்டாலும், அப்பாவோடு போன் பேச்சு நிற்கவில்லை.

அப்பா நெஞ்சு வலியில் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. சித்தப்பா மகன் அரசு விறுவிறுவென்று வந்து போனை நீட்டினான்.

“அக்கா, யாரு இந்த வீரமணி? குடிச்சிட்டு போடறானா?”

ஊர் வெப்சைட்டை நடத்துபவன் அரசுதான். காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது அதே படத்தை அங்கேயும் ஏற்றிவிடுவான். அப்பாவின் கண்ணீர் அஞ்சலிப் படத்துக்குக் கீழே கூப்பிய கைகளும் ரோஜாவுமாக ஊர் வரிசை கட்டியிருந்தது. நடுவில் ஒரு வரி: ‘வாழ்த்துகள் அண்ணே! குடும்பத்தோட வந்துடறேன். எந்த நாள்னு யாராவது சொல்லுங்க.’

“கடக்கரையில எல்லாம் கொதிக்கறாங்க. கருமாதிக்கு வரட்டும், ஊருக்குள்ள கால் வைக்க வுட மாட்டோம்.”

அம்மா எல்லம்மாள் சுவரோரம் படுத்திருந்தாள். “அந்தப் புள்ள அப்டி பேசற ஆளு இல்லியே” என்றாள்.

ஜோதிக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. வீரமணியா? தன் போனில் படித்துச் சொல்லும் குரலைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஊர்ப் பக்கத்தில் விரலை நகர்த்தினாள். ‘விசேஷங்கள். தலைப்பு. படம். ஃப்ளெக்ஸ் ஃபைனல் டூ. கூப்பிய கைகள். ரோஜா. கூப்பிய கைகள்.’

அப்பா எங்குமே இல்லை. பெயர், தேதி, ‘காலமானார்’ எல்லாம் படத்துக்குள் இருந்தன. ஆபீசில் ஊரார் பக்கங்களையெல்லாம் திருத்துகிறவள், இந்தப் பக்கத்தை ஒரு நாளும் காதால் கேட்டதில்லை.

“புது போட்டு கடல்ல எறக்கறதுக்கு அவர கூப்ட்டிருந்தாரா அப்பா?”

“நான் பக்கத்துல இருந்தேன்” என்றாள் அம்மா. “அரசு படம் போடுவான், அதையே பத்திரிகையா வச்சிக்கன்னு சொன்னாரு.”

அரசு தன் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “எனக்கு இன்னாக்கா தெரியும்? இப்ப எழுது. உள்ள போற பாஸ்வேர்டு தரேன்.”

எழுத உட்கார்ந்தாள். சேலைக் கடை, உரக்கடை, பள்ளிக்கூடம் என்று எத்தனை படங்களுக்கு எழுதியிருப்பாள்! படத்தில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல் என்று புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவளே அவள்தான். இந்தப் படத்தில் அப்பா கோட்டு போட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் யாருடைய கோட்டையோ எடுத்து அப்பா தலைக்குக் கீழே ஒட்டியிருந்தார். பின்னால் பனிமலை.

“கோட்டுன்னு எழுதாத” என்றாள் அம்மா. “நம்பிடுவான். அண்ணன் எப்ப கோட்டு வாங்கனாருன்னு என்ன கேப்பான்.”

“படத்துல இருக்குதேம்மா.”

“படத்துல இருந்தா? அவரா போட்டாரு?”

ஜோதி எழுதினாள், அழித்தாள். கோட்டை விட்டால் மற்றவர்கள் பார்ப்பதை அவருக்கு மறைப்பது ஆகுமா? எழுதினால் பொய் சொல்வது ஆகுமா? கடைசியில், ‘சம்மந்தம், நல்லவாடு, காலமானார். கருமாதி ஞாயிற்றுக்கிழமை காலை. படத்தில் சிரிக்கிறார். கோட்டு கடைக்காரர் ஒட்டியது’ என்று எழுதினாள்.

சேமிக்கும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. இதை அழுத்தினால், பட்டனையும் தலைப்பையும் படிக்கும் அதே குரல் அப்பாவின் சாவையும் அவருக்குச் சொல்லிவிடும். போன் போட்டுத் தானே சொல்வதுதானே மனுஷத்தனம்? ஆனால் ஆபீசில் இருந்தபோது வீரமணி ஒருமுறை அவளிடம் கோபப்பட்டிருக்கிறார்: “எனக்குன்னு தனியா போன் பண்ணிச் சொல்லாத ஜோதி. எல்லாரும் எங்க படிக்கறாங்களோ அங்கேயே நானும் படிக்கணும். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்.” அது ஆபீஸ் நோட்டீசைப் பற்றி. சாவுக்கும் அது பொருந்துமா என்று யாரிடம் கேட்பது?

“ஒன்னு அழுத்து, இல்ல போன் பண்ணு” என்றான் அரசு. “அவரு பாட்டுக்குத் தட்டுவரிசையோட வந்து நிக்கப் போறாரு.”

அழுத்தினாள். அழுத்திய கையோடு, சரியா தவறா தெரியாமலே போனும் போட்டாள்.

“ஜோதியா? எந்த நாள்னு கேட்டா ஒருத்தரும் சொல்லலியே. அண்ணன் எங்க, கடலா?”

“அது போட்டு படம் இல்லண்ணே.”

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று கடந்துபோகும் சத்தம்.

“எழுதி வச்சிருக்கியா?”

“இப்பத்தான்.”

“லைன்லயே இரு.”

அவர் கம்ப்யூட்டரின் குரல் போனுக்குள் தூரத்தில் கேட்டது. அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தது. பாதியில் அவரே அதை நிறுத்தினார்.

“நான் போட்டத எல்லாரும் படிச்சாங்களா?”

“படிச்சாங்கண்ணே.”

“அண்ணியுமா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். “எடுத்துடலாம்” என்றாள்.

“எடுத்துட்டா படிச்சது போயிடுமா?” மூச்சை இழுத்து விட்டார். “ஞாயித்துக்கெழம நான் வந்தா வுடுவாங்களா, சொல்லு.”

ஜோதி போனைக் கையால் மூடிக்கொண்டு அரசைப் பார்த்தாள். அவன் வாசலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்புல எறங்கி நிக்கச் சொல்லு” என்றான். “வண்டியில நான் இட்டுக்கினு வரேன். கரையில எவனாவது வாயத் தொறந்தா, படம் போட்டவன் நான்னு சொல்லிக்கறேன்.”