இசைவாணி டீச்சரும் ழகரமும்

அகரம் தொடக்கப் பள்ளி இசைவாணி டீச்சர் ஒன்றை நினைத்துவிட்டால் தலைகீழாக நின்றாவது முடித்துவிடுவார். இந்த வருடம், நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதில் ஆளுக்கொரு இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். "நான் சொல்லமாட்டேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

வகுப்பு முழுக்க ஒரே பாட்டு: "கையெழுத்து அழகா வரணும் டீச்சர்!" எழுத்து என்றாலே கையெழுத்துதானே நம் பிள்ளைகளுக்கு! டீச்சருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் விடுகிற ஆளா அவர்? ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, "எழுதுறப்ப எங்க முட்டிக்கிட்டு நிக்குது?" என்று கேட்டார். அயாஸ், தன் கதைக்கு முடிவே கிடைப்பதில்லை என்றான். சபிஹா, எல்லா வரியையும் 'பிறகு' என்றே தொடங்கிவிடுவதாகச் சொன்னாள். டீச்சருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

தேவதர்ஷினி மட்டும் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். சிறுமலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்து ஜூனில் சேர்ந்தவள். விளையாட்டு நேரத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவள், எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவாள். இவள் இப்படியே ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவாளோ என்பதுதான் டீச்சரின் பெரிய கவலை.

அவள் எழுதியதை எடுத்துப் பார்த்தார். 'தோட்டத்தில் ஒன்று காய்க்கும். அது இனிப்பாக இருக்கும்.'

"ஒன்றுன்னா என்னடி? வாழைப்பழம்தான? அத எழுத வேண்டியதுதான?"

"அதுல ரெண்டு ழ வருதாம் டீச்சர். எங்க ழ போடணும், எங்க ள போடணும்னு எனக்குத் தெரியல. அதான் ழ வர்ற வார்த்தையே எழுதமாட்டேன்."

'வாளப்பளம்' என்றுதானே இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்கிறோம், டீச்சர் உட்பட! பிள்ளை காதால் கேட்டு எப்படி எழுதும்? டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, தன்மேல் கோபமும் வந்தது.

"அப்ப உன் இலக்கு என்ன?"

"ழ-வுக்குப் பயப்படக் கூடாது டீச்சர்!"

அன்றிலிருந்து இருவருக்கும் அதே வேலை. டீச்சர் நாக்கை மடித்துச் சொல்லிக்காட்டினார். தேவதர்ஷினி கடைப் பலகைகளில் எல்லாம் ழ தேடினாள். 'பழனி' என்று போட்ட பஸ்ஸைக் கண்டால் குதித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூச்சிரைக்க ஓடிவந்து தாளை நீட்டினாள்.

'ராத்திரி மழை பெய்தது. காற்றில் எங்கள் வாழை எல்லாம் விழுந்தது. அப்பா அழுதார். அதனால் நாங்கள் கீழே வந்தோம்.'

ழ இல்லாமல் இதில் ஒரு வரியைக்கூட எழுதியிருக்க முடியாது. டீச்சர் முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தார்.

"எல்லா ழ-வும் சரியா டீச்சர்?" அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எல்லாம் சரிதாண்டி."

"அப்ப மிச்சத்தையும் எழுதிட்டு வாரேன்!"