தழ

திண்டுக்கல் நாகல் நகரில் ஜோஸ்பின் கைபடாத விசேஷம் குறைவு. காதுகுத்தோ கல்யாணமோ கருமாதியோ, வாசலில் நிற்கிற ஃபிளெக்ஸில் உள்ள எழுத்தெல்லாம் அவள் கோத்ததாகத்தான் இருக்கும். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுற்றுவதைவிட முனகுவது அதிகமான ஒரு ஃபேன். உள்ளறையில் அவள் புருஷன் பிரிட்டோ.

பிரிட்டோ ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் பில் போட்டவர். லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியே பெருத்த தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. ஆபரேஷனில் உயிரை விட்டுவைத்துக் குரலை எடுத்துக்கொண்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை. அதில் சளி அடைத்தால் உடனே துடைத்துவிட ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிடத்தான் வழியில்லை. ஜோஸ்பின் ஒரு கைமணி வாங்கித் தந்தாள். பிரிண்டர் சத்தத்தில் அது எடுபடவில்லை. செல்போனோ வாடிக்கையாளர்கள் அனுப்பும் போட்டோக்களால் நாள் பூராவும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதில் எது அவர், எது ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் கண் திரையைவிட்டு நகராது. அப்படியானால் அவர் திரைக்கே வந்துவிடட்டும் என்று யோசித்தாள். வயர்லெஸ் கீபோர்டு ஒன்றை வாங்கி அவர் மடியில் வைத்தாள். அதன் ரிசீவர், விரல்நகம் போன்ற ஒரு துண்டு, அவள் கம்ப்யூட்டரில் ஏறியது. நடுவில் நின்ற இரும்பு பீரோ சிக்னலை மறித்தது. ரிசீவரை நீள வயரில் மாட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டதும் சரியானது. ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு கீபோர்டு, ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

ஒரே ஒரு கோளாறு. அவருக்கு அடிக்கத் தெரிந்தது இங்கிலீஷ் மட்டும். அவள் வேலை செய்வதோ பழைய தமிழ் ஃபாண்டில். அதில் ஜே-யைத் தட்டினால் 'த' விழும், ஓ-வைத் தட்டினால் 'ழ' விழும். அவர் உள்ளே இருந்து 'ஜோ' என்று இரண்டு எழுத்தைத் தட்டினால், இங்கே யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நடுவில் 'தழ' என்று வந்து உட்காரும். டீ கேட்டு இங்கிலீஷில் அடித்தால் 'வநய'. சீக்கிரமே அவளுக்கு அந்தப் பாஷை படிந்துவிட்டது. உலகத்தில் இரண்டே பேருக்குப் புரிந்த பாஷை.

'தழ' விழுந்தால் எழுந்து ஓடுவாள். பாதி நேரம் சளியாக இருக்கும். மீதி நேரம் ஒன்றுமே இருக்காது. பிரிட்டோ பல்லைக் காட்டிக் கையை விரிப்பார், சும்மாதான் என்று. "மனுஷியைப் பொழப்பு பாக்க விடுறீங்களா?" என்று திட்டுவாள். திட்டிவிட்டுப் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாள்.

முகூர்த்த மாதத்தில் வந்தது வினை. ரெட்டியார்சத்திரம் சோலைமலை வீட்டுக் காதணி விழா ஃபிளெக்ஸை அடித்துக்கொண்டிருந்தபோது 'தழ' விழுந்தது. ஓடிப் போய்த் திரும்பியவள் அதை அழிக்க மறந்தாள். 'தாய்மாமன் தழ பிரபு' என்று அச்சாகி ஊர் நடுவில் நின்றது. சோலைமலை கடைக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"ஏம்மா, ஊர்ப்பயலுக எல்லாம் 'வாங்க தழ, உக்காருங்க தழ'ன்னு என் மச்சினனைக் கேலி பண்றாய்ங்க. 'தல'ன்னு போடுங்கன்னு நாங்க கேக்கவே இல்ல. போட்டதையும் தப்பால்ல போட்டிருக்கீக!"

அவர் போனதும் ஜோஸ்பின் உள்ளே போய் வெடித்தாள். "இனிமே வேலை நேரத்துல அதைத் தொடாதீங்க. செத்த நேரம் பொறுத்துக்கிட்டா குடியா முழுகிரும்?"

பிரிட்டோ பல்லைக் காட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு திரையில் எதுவும் விழவில்லை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தாள். அவ்வப்போது எட்டிப் பார்க்கத்தான் செய்தாள். ஆனாலும் உள்ளதைச் சொன்னால், சுத்தமான திரையில் வேலை ஓடியது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கல்யாணப் பத்திரிகை ஒன்றை முடித்துவிட்டுக் கஞ்சியோடு உள்ளே போனாள். பிரிட்டோ கண்ணை மூடாமலே போய்விட்டிருந்தார். கழுத்துத் துளையைச் சளி அடைத்திருந்தது.

கீபோர்டு தலையணைக்கு அடியில் இருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படி இருக்கட்டும் என்றுதான் மனசு கெஞ்சியது. திருப்பிப் பார்த்தாள். அடியில் உள்ள சின்ன சுவிட்சை அவரே அணைத்து வைத்திருந்தார். தப்பித்தவறிக் கைபட்டுக்கூட அவள் வேலை கெட்டுவிடக் கூடாதாம். ஜோஸ்பின் அங்கேயே தரையில் விழுந்து வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அஞ்சலி ஃபிளெக்ஸை வேறு கடையில் கொடுக்கலாம் என்றான் தம்பி அமலன். அவள் கேட்கவில்லை. 'இறைவனில் இளைப்பாறினார்' என்பது வரை தன் கீபோர்டில் அடித்தாள். 'வருந்தும் மனைவி' என்ற இடம் வந்ததும் எழுந்து போய் அவருடையதை எடுத்து வந்து சுவிட்சைப் போட்டாள். தட்டுவது யார் என்று ரிசீவர் கேட்கவில்லை, உடனே ஏற்றுக்கொண்டது. ஜே. ஓ.

"அக்கா, உன் பேரு தப்பா விழுந்திருக்கு," என்றான் அமலன்.

"தப்பில்லடா. அப்படியே பிரிண்டுக்குக் குடு."

சாயங்காலம் துட்டி கேட்க வந்தவர்களில் சோலைமலையும் இருந்தார். மாலையை வைத்துவிட்டு, வாசலில் நின்ற ஃபிளெக்ஸை மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றது. பழைய கோபமெல்லாம் போயிருந்தது, பரிதாபப்பட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுதுலயுமா? அந்தக் கோளாறு இன்னும் சரியாகலையா?"

"சரியாயிருச்சுண்ணே," என்றாள் ஜோஸ்பின். "இனிமே வராது."