கையொப்பமிடாத கடிதம்

நான் வேலை செய்த உள்ளூராட்சிக் கவுன்சில் எனது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்ட ஐந்தாம் நாள்தான் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் வாய் திறந்தேன். அதுவரை அயலவருக்குத் தடிமன், காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தோம். பிரதிநிதி மன்னார்ப் பக்கத்தவர், என்னிலும் இளையவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, வேலை போன நாளில இருந்து ஏழு நாளுக்குள்ள தொழில் தீர்ப்பாயத்துக்கு மனு போகவேணும். போனால், முழு விசாரணை முடியுமட்டும் ஒப்பந்தம் ஓடவேணும் எண்டு இடைக்கால நிவாரணம் கேக்கலாம். பிந்தினால் அதுகும் இல்லை."

ஓர் அபாயத்தை வெளிப்படுத்தியதற்காகவே என்னை நீக்கினார்கள் என்று காட்டவேண்டும். வெளிப்படுத்தியது உண்மை. கவுன்சிலின் வாடகை வீடுகளின் பழுதுகளைப் பதியும் பிரிவில் ஆறு ஆண்டுகளாக ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தேன். ஓர் அடுக்குமாடியின் தீத்தடுப்புக் கதவுகள் மூடவில்லை என்று நான் பதிந்த முறைப்பாடுகள், ஒருவரும் போய்ப் பார்க்காமலே 'முடிந்தது' என்று மூடப்பட்டன. மேலிடத்துக்கு எழுதினேன். ஆனால் கையொப்பமிடவில்லை.

நம்மவரிடையே அதற்கு மொட்டைக் கடிதம் என்று பெயர். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளராக இருந்தபோது, அத்தகைய கடிதம் எழுதுவோரைக் கோழைகள் என்று மேடையிலேயே இகழ்ந்தவன் நான். இன்னொன்றும் உண்டு. மேலாளர் என்னை அறைக்குள் அழைத்து, "நீங்களா எழுதியது?" என்று கேட்டபோது, எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை என்று நிமிர்ந்து நின்று மறுத்தேன். அதைக் குறிப்பெடுத்துக் கோப்பிலும் வைத்தார்கள்.

"எழுதினது நீங்களோ இல்லையோ, ஐயா?" என்று பிரதிநிதி கேட்டார்.

தேநீர் கொண்டுவந்த மனைவிதான் பதில் சொன்னார்.

"இவர்தான். கொப்பியில எழுதி, வெட்டித் திருத்தி, நாலு தரம் எனக்கு வாசிச்சும் காட்டினவர். ஒப்பம் வைக்கத்தான் கை வரேல்லை."

"அக்கா, அந்தக் கொப்பி கிடக்கோ?"

"இவர் எதைத் தம்பி எறிஞ்சவர்? கலியாணத்துக்குப் பந்தல் போட்ட பில் துண்டும் கிடக்கு."

மனுவுடன் என் வாக்குமூலம் போகவேண்டும். தீர்ப்பு என் பெயரோடு இணையத்தில் ஏறும்.

"பேரை மறைக்க ஏலாதோ?" என்று கேட்டேன்.

"ஏலாது, ஐயா. நீங்கள் தீர்ப்பாயத்துக்கும் மொட்டைக் கடிதம் போடப் பாக்கிறியள்."

மனைவி சிரித்தார். மறுநாள் மாலைதான் கையொப்பமிட்டேன். எத்தனையோ பேருக்குச் சான்றொப்பம் வைத்த கை, சொந்தப் பெயரின் பாதியில் நின்று, பிறகுதான் முடித்தது.

இடைக்கால நிவாரண விசாரணையில் சாட்சிகளை அழைக்கவில்லை. பத்திரங்களும் வாதமும் மட்டுமே. பிரதிநிதியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கவுன்சிலின் வழக்கறிஞர் என் மறுப்பை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்டார்.

நீதிபதி அந்தக் குறிப்பைத் திரும்பப் பார்த்தார். அந்தப் பிரிவில் வேறு யாரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்று வினவினார். வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார்.

"இவரிடம் மட்டும்."

எழுதியவன் நான்தான் என்று அவர்கள் முதலே சந்தேகித்திருந்தார்கள் என்பதற்கு, நான் மறுத்த அந்தக் குறிப்பே சான்றாயிற்று. நீதிபதி தீர்மானிக்க எழுந்து சென்றபோது எல்லோரும் எழுந்தார்கள். திரும்பி வந்து, என் வழக்கு வெல்லக்கூடியதாகவே தெரிகிறது என்றார்.

என்னைத் திரும்ப எடுக்கக் கவுன்சில் சம்மதிக்கவில்லை. ஆகவே முழு விசாரணை முடியும்வரை ஒப்பந்தம் தொடர்வதாகவே கொண்டு சம்பளம் தரவேண்டும் என்று கட்டளை பிறந்தது.

"வெண்டிட்டம், ஐயா!" என்றார் பிரதிநிதி.

"நான் மறுத்ததும் தீர்ப்பில வருமோ?"

"ஓம். முழு விசாரணையில உங்களையே கூண்டில ஏத்திக் கேப்பினம்."

ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வீதியின் மறுகரையில் பழைய மாணவர் சங்கத்து நண்பர் ஒருவர் என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நகைக்கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பி, அவர் போய் மறையும்வரை, எனக்கு வேண்டாத காப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.