என் கால் அந்த வீடியோவில் இல்லை

என் தங்கை சொன்ன ஒரு ஜோக்குக்காக ஊர் உலகமெல்லாம் கொதித்ததைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என் வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கால் உடையாமல் இருந்திருந்தால் அந்த ஜோக்கே பிறந்திருக்காது. கொதித்தவர்களில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசையும் இல்லை.

கொல்லிமலை மேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறவர்கள் குடித்துவிட்டு வருவது புதிதல்ல. அந்த வருடம் கொஞ்சம் அதிகமாகவே குடித்திருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து இறக்கத்தில் முன்னால் தூக்கியவர் தடுமாற, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தேங்காய் பழத் தட்டோடு ஓரமாக நின்றிருந்த என் பாதத்தின் மேல் அதன் கட்டை வந்து இறங்கியது. அம்மனை நான்கைந்து பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். என்னை என் தங்கைதான் இழுத்து வெளியே போட்டாள்.

வாழைத்தார் ஏற்றுகிற வேனில் படுக்க வைத்து என்னைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கத்தினேன். பாதத்தில் எலும்பு நொறுங்கியிருந்தது. கம்பி வைத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர் பார்க்க வந்தார்.

"ஆத்தா காரியத்துல இதெல்லாம் நடக்கறதுதான் கண்ணு. பெருசு பண்ண வேண்டாம்" என்றார்.

நாங்களும் பெரிதுபடுத்தவில்லை. சப்பரம் தூக்கியவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தங்கையை என் கொழுந்தனாருக்கே கட்டிக் கொடுத்ததால் நாங்கள் இருவரும் ஒரே வாசலில்தான் குடியிருக்கிறோம். அவள் செம்மேட்டுக்குப் பக்கத்தில் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்தாள். நான் படுத்துக் கிடந்த காலத்தில் என் மாட்டையும் பார்த்து, என் வீட்டுக்கும் சேர்த்துச் சோறாக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் அதில் அவளுக்குச் சிரிக்க ஏதாவது இருக்கும். அதைப் போனில் பேசி, பதிவு செய்து போடுவாள். பார்ப்பவர்கள் எல்லாம் எங்கள் நாட்டு ஆட்கள்தான்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்து குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தோம். என் கால் முக்காலி மேல் இருந்தது. வலியில் நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தவள், போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"எங்கக்கா கால ஒடச்ச சப்பரத்தோட கதை தெரியுங்களா? கீழ ஊருகள்ல சாமி வந்து ஆடுனா, கடைசியில மலையேறிருச்சும்பாங்க. நாங்க இருக்கறதே மலை மேல. எங்க சாமி எங்கீங்க ஏறும்? அதான் தூக்குனவிங்க கூடவே ஒயின்ஷாப்புக்கு எறங்கிருச்சு!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருக்கிறது. வலியோடு சிரித்ததால் அழுகிற மாதிரியும் கேட்கும்.

ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். சப்பரத்தின் முன்கட்டையைப் பிடித்திருந்தவரே பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்து, "நல்லாத்தான் வாருற சாமி எங்கள!" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கோபப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பக்கத்து வீட்டு அம்மா. அம்மனுக்கு வருடம் தவறாமல் விரதம் இருப்பவர். நேராக வாசலுக்கு வந்தார்.

"ஏன்டி, குடிச்சவனச் சொல்லு, ஆயிரம் சொல்லு. ஆத்தாளப் போயி ஒயின்ஷாப்புக்கு அனுப்புவியா? எனக்கு மனசே ஆறல."

"தப்புத்தானுங்கம்மா. இனிமே ஆத்தாளச் சொல்லல" என்று தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் காபி குடித்துவிட்டு, என் காலையும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஜோக்குக்கு அவ்வளவு கோபம் போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது நியாயமான கோபம். வந்தது, சொன்னது, அடங்கியது.

பிறகு மலைக்குக் கீழே யாரோ அந்த வீடியோவை வெட்டினார்கள். என் காலைப் பற்றிய முதல் வரியைக் காணோம். தூக்கியவர்களையும் காணோம். "எங்க சாமி", "ஒயின்ஷாப்புக்கு எறங்கிருச்சு" என்பது மட்டும் இருந்தது. பின்னால் என் சிரிப்பு. மேலே, அம்மனை அசிங்கப்படுத்திய பெண் என்று சிவப்பு எழுத்து.

கொல்லிமலை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். நாக்கை அறுக்க வேண்டும் என்றார்கள். ஊரை விட்டுத் துரத்த வேண்டும் என்றார்கள். அவள் புருஷன் எப்படிப்பட்டவன், அவள் எப்படிப்பட்டவள் என்றெல்லாம் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். சாமிக்கு மரியாதை கேட்டவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி அப்படி எழுத அந்தச் சாமி எப்படிச் சம்மதிக்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. 'பின்னாடி சிரிக்கிறவளையும் விடாதீங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் நான்.

லாட்ஜ் முதலாளி கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்மா. ரூம் போடறவங்க கேக்கறாங்க" என்றார். சிரித்த ஊரும் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீழே இருப்பவர்கள் இவ்வளவு கோபப்படும்போது நமக்குக் கோபம் வராவிட்டால் எப்படி என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த முன்கட்டைக்காரர் பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டதும் எழுந்து போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கைந்து பைக்குகள் எங்கள் வாசலில் வந்து நின்றன. முன்பின் தெரியாத ஆட்கள். ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து, "நேரலையில் இருக்கிறோம்" என்று அதனிடம் பேசிக்கொண்டே வந்தார். தங்கை கதவோரம் நின்றாள். கொழுந்தனாரும் என் புருஷனும் மிளகுக் கொடிக்கு முட்டுக் கொடுக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஏனுங்க, அவ எதுக்குச் சொன்னான்னு கேட்டீங்களா? இந்தக் காலப் பாருங்க" என்று சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினேன். தையல் போட்ட இடம் அப்போதும் கருத்து வீங்கித்தான் இருந்தது.

அந்த மனிதர் ஒரு கணம் பார்த்தார். பிறகு போனை என் காலிலிருந்து விலக்கி, தங்கையின் முகத்துக்குத் திருப்பினார்.

"அது வேற விசயங்க அக்கா" என்றார்.

வேறு விசயமாம்! அது ஒன்றுதான் விசயம், மற்றதெல்லாம் வெறும் வாய் என்று கத்தினேன். அவர்கள் போட்ட வீடியோவில் என் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. படத்தில் தங்கை தலை குனிந்து நிற்பது மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் போட்டார்கள். தங்கை அம்மன் முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்று முடிவானது. கூட்டத்தில் சப்பரம் தூக்கியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆத்தாகிட்ட நான் என்னைக்கோ கேட்டுட்டேனுங்க. உங்களுக்காகவும் ஒருக்காக் கேட்டுக்கறேன்" என்றாள் தங்கை. "எங்கக்கா கால்கிட்ட யாருங்க கேப்பாங்க?"

"அத அப்பறம் பேசிக்கலாம்" என்றார் ஊர்ப் பெரியவர்.

அவள் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க வேண்டாம், அப்படியே பேசு என்று வீடியோ எடுத்தவர் சொன்னார். அந்த மன்னிப்பு வீடியோவைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான். அதற்குள் கொதிக்கிறவர்களுக்கு வேறு யாரோ ஒரு பெண்ணின் உடை கிடைத்துவிட்டது. லாட்ஜில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். தங்கை இப்போது காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். போனில் பேசுவதை விட்டுவிட்டாள். என்னிடம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வந்தால்கூட, முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

'அப்பறம்' இன்னும் வரவில்லை. இந்த வருடத் திருவிழாவைப் பற்றிப் பேச ஊர் கூடியபோது நானும் நொண்டிக்கொண்டே போயிருந்தேன். சப்பரம் போகும்போது யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது, மீறினால் பிடுங்கி வைத்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து நான் கேட்டேன்.

"சப்பரம் தூக்கறவிங்க குடிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் சொல்லலீங்களா?"

என் புருஷன் ஆண்கள் பக்கமிருந்து என்னைப் பார்த்து, சும்மா இரு என்று கண்ணைக் காட்டினார். பெரியவர் தொண்டையைச் செருமிவிட்டு, மைக்செட்டுக்கு யாரைச் சொல்வது என்று அடுத்த பேச்சுக்குப் போனார். மரத்துப்போன காலை நீட்டியபடி கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.