மூன்றாம் மாடிக்குப் போன சப்போட்டா

சப்போட்டாவை மரத்திலேயே பழுக்க விட்டால் அது அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரியாவிட்டால் பறித்துவிட வேண்டும். பால் போகக் கழுவி, துணியால் துடைத்து, அரிசிக்குள் புதைத்துவிட்டு நாலைந்து நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எனக்கு வராது. முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டிய கணக்கு டீச்சர் நான். ஆனால் இந்த மரத்தின் முன்னால் மட்டும் என் அதட்டல் செல்லாது.

சேலையூரில் வீடு கட்டியபோது முழங்கால் உயர ஒட்டுக்கன்றாக வாங்கி வந்தேன். கன்றை ஏற்றிவந்த ஆட்டோக்காரர், "இது காய்க்கறதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிடுவீங்க மேடம்" என்று கிண்டல் செய்தார். அந்தக் கடுப்பிலேயே கவனித்து வளர்த்தேன். ஒரு டிசம்பர் புயலில் மரம் சாய்ந்தபோது அம்மாவும் நானும் கொட்டுகிற மழையில் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து நிமிர்த்தினோம். அம்மா போன பிறகு காலையில் நான் முதலில் பேசுவது மரத்திடம்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதில் சொல்லாதவர்களிடம் பேசுவது வகுப்பறையிலேயே பழகிவிட்டது.

நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது மரத்துக்குத் தெரியவில்லை. தை பிறந்தால் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் அளவு காய்க்கிறது. முன்பு சுற்றிலும் தனி வீடுகள் இருந்தன. கிண்ணம் நிறையப் பழம் கொடுத்தால் கிண்ணம் வெறுமனே திரும்பாது. முருங்கைக்கீரை, கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கில் மிச்சம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது இருக்கும். திருப்பித்தர வந்தவர் கேட்டில் நின்றபடியே அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவார். அந்த வீடுகளையெல்லாம் இடித்து இப்போது ஒரே அப்பார்ட்மென்டாகக் கட்டிவிட்டார்கள். அங்கே யாருக்குக் கொடுத்தாலும் பிளாஸ்டிக் கவரில்தான் கொடுத்தேன். கவரைத் திருப்பித்தர யாரும் வரமாட்டார்கள்.

இந்தத் தை மாதம் மூன்றாம் மாடிக்கு ஒரு பெண் குடிவந்தாள். பால்கனியில் நின்று என் மரத்தைப் போட்டோ எடுப்பாள். ஒருநாள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அவ்வளவுதான், எனக்கு ஆசை வந்துவிட்டது. அன்றே பறித்த காய்களை எவர்சில்வர் கிண்ணத்தில் அடுக்கி வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் என்றால் திருப்பித்தர வந்துதானே ஆக வேண்டும்? அல்பத் தந்திரம்தான். அவள் வந்தால் டீ போட அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கி வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினேன். வாட்ச்மேன் நின்றார். கையில் என் கிண்ணம். அதில் என் காய்களே இருந்தன, ஒன்றில் மட்டும் பல் பட்ட தடம்.

"கல்லு மாதிரி கீதும்மா. பாலு வாய்ல ஒட்டிக்கினு ஒரே பேஜாராம். உங்களாண்டயே குடுத்துடச் சொல்லிச்சு அந்தப் பொண்ணு."

அரிசியில் வைக்கச் சொல்லி அனுப்ப எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியிருந்ததில்லை. என்னையே திட்டிக்கொண்டு, கடிபட்டதை எறிந்துவிட்டு மற்றவற்றை அரிசி டிரம்மில் புதைத்தேன். ஐந்தாம் நாள் எல்லாம் மெத்தென்று பழுத்திருந்தன. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இந்த முறை நானே லிஃப்டில் ஏறினேன்.

கழுத்தில் ஹெட்போன் தொங்கக் கதவைத் திறந்தாள். "சாரி ஆன்ட்டி, அன்னைக்குத் திருப்பி அனுப்பினது…"

"தப்பு என்னோடதும்மா. இப்ப ஒண்ணு சாப்பிட்டுப் பாரு."

நின்றபடியே பிட்டுச் சாப்பிட்டாள். "ஐயோ, சூப்பரா இருக்கு ஆன்ட்டி! வெல்லம் மாதிரி!" என்றபடி இன்னொன்றையும் எடுத்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"கிண்ணம் அவசரமில்லம்மா. மெதுவா கொண்டுவந்து குடு, வீடு பக்கத்துலதான்" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி, உங்க பாத்திரத்தை வச்சுக்கிட்டு? ஒரே நிமிஷம்" என்று உள்ளே ஓடினாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கிண்ணத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரண்டு சாக்லேட் போட்டு நீட்டினாள். "வெறும் பாத்திரமா தரக்கூடாதுன்னு அம்மா சொல்வாங்க."

நல்ல வளர்ப்பு. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. உள்ளே லேப்டாப்பில் யாரோ அவளை அழைத்தார்கள். சிரித்துக்கொண்டே கதவை மெல்லச் சாத்தினாள். லிஃப்ட் வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி என் கேட்டுக்கு வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.